பட்டறைக் கேள்வி பதில்: வீட்டிலேயே கட்டும் சி.என்.சி. ரவுட்டர்

இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்து, மரமும் எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்த) பலகையும் ஓரளவுக்கு அலுமினியமும் கணினிக் கட்டளைப்படி செதுக்கக்கூடிய சி.என்.சி. ரவுட்டரைத் தாமே கட்டிக்கொள்ள விரும்பும் வடசென்னை வாசகர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கதவுப் பலகைகளில் பூ வேலை செதுக்க, 4 அடிக்கு 2 அடி வேலைப்பரப்பு உள்ள ரவுட்டர் கட்ட நினைக்கிறேன். 50×50 ஸ்கொயர் பைப் போதும் என்கிறார் எங்கள் வெல்டர். காயலான் கடையில் பழைய ஆங்கிளும் சேனலும் மலிவாகக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? – மரப்பட்டறை நடத்தும் வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: இந்த இயந்திரத்தில் எந்தக் குழாயும் உடையப்போவதில்லை. வெட்டும்போது அது எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். உங்கள் இயந்திரத்தில் மிக அதிகமாகச் சோதிக்கப்படும் உறுப்பு, வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலைச் சுமந்தபடி முன்னும் பின்னும் ஓடும் குறுக்குப் பாலம்; பட்டறைகளில் கேன்ட்ரி என்றே சொல்கிறார்கள். இரு முனையிலும் தாங்கப்பட்ட 900 மி.மீ. நீளமுள்ள 50×50×3 குழாயின் நடுவில் 50 கிலோ எடையை வைத்தால் அது ஏறத்தாழ 0.19 மி.மீ. தாழும், அதே நீளத்தில் 100×100×5 குழாய் 0.014 மி.மீ. அளவுக்கே தாழும். குழாயின் எடை மீட்டருக்கு 4.3 கிலோவிலிருந்து 14.4 கிலோவாக, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேலாகத்தான் கூடுகிறது. விறைப்போ 13 மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே கால்களுக்கும் அடிச்சட்டத்தின் குறுக்குக் கம்பிகளுக்கும் உங்கள் வெல்டர் சொல்லும் 50×50 தாராளமாகப் போதும்; கேன்ட்ரிக்கும், அது ஓடும் ரெயில் உட்காரும் இரண்டு நெடுஞ்சட்டங்களுக்கும் மட்டும் பெரிய குழாயை வாங்குங்கள்.

ஆங்கிளும் சேனலும் திறந்த வடிவங்கள் என்பதால் முறுக்கு விசைக்கு மிக எளிதாக இணங்கிவிடும். ஸ்பிண்டில் கேன்ட்ரியின் முகத்தில் முன்பக்கமாகத் தொங்குவதால், ஒவ்வொரு வெட்டும் அந்தப் பாலத்தை முறுக்கிப் பார்க்கிறது. அதைத் தாங்க நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவத்தால்தான் முடியும். காயலான் கடைச் சரக்கைக் கால்களுக்கும் மின்பெட்டி தாங்கிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த வலுவான எஃகு வாங்கினால் விறைப்பு கூடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) குழாய்க்கும் உயர்வலிமை எஃகுக்கும் விறைப்பைத் தீர்மானிக்கும் மீள்திறன் எண் ஏறத்தாழ ஒன்றேதான், சுமார் 200 கிகாபாஸ்கல். அந்தப் பணத்தைக் குழாயின் உயரத்தில் போடுவதே லாபம்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலோ மண்ணடியிலோ வாங்கப் போகும்போது தடிமன் அளக்க வெர்னியரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 6 மீட்டர் நீளமுள்ள 50×50×3 குழாய் 26 கிலோ அளவில் நிற்க வேண்டும்; தராசு 21, 22 கிலோ காட்டினால் உங்களுக்குத் தரப்படுவது 2.5 மி.மீ. குழாய். எடைக்குத்தானே விலை என்று விட்டுவிட்டால் பணம் நஷ்டமாகாது, விறைப்பு நஷ்டமாகும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் தவிர்த்துவிடுங்கள், அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரக்கூடும்.

கேள்வி: நான் தொழில்முறை வெல்டர். சட்டத்தை டேக் அடித்தபோது (ஆங்காங்கே பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தபோது) எல்லாம் மூலைமட்டத்துக்குச் சரியாக இருந்தது. முழுமையாகப் பற்றவைத்த பிறகு மூலைவிட்டங்களில் 2 மி.மீ. வித்தியாசம் வருகிறது, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. அறுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டுமா? சூடுபடுத்தி இறுக்கம் நீக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா? – வாசகர், வியாசர்பாடி

பதில்: அறுக்க வேண்டாம். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதையும் தன்பக்கம் இழுக்கும். கேட், கிரில் வேலையில் இந்த இழுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, இங்கே தெரிகிறது. ஒரு மூலையின் உள்பக்கத்தில் நீளமான வெல்டிங் பட்டை ஒன்றை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, மூலைமட்டத்தை அங்கேயே பிடித்தபடி பாருங்கள்: சிவப்பு மங்கி, கசடு தானாக விரிசல் விடும் நேரத்தில் குழாயின் மறுமுனை மெல்ல உள்பக்கம் சாய்வதை மட்டத்தின் விளிம்பில் விரியும் இடைவெளியே காட்டிவிடும்.

இதை முழுவதும் ஒழிக்க முடியாது, குறைக்கலாம். எல்லா இணைப்புகளையும் முதலில் டேக் அடித்து முடித்து, மூலைக்கு மூலை மாறி மாறி, ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாகப் பற்றவைக்க வேண்டும். பலம் தேவைப்படாத இடத்தில் முழுநீளப் பட்டை ஓட்டக் கூடாது. குறிப்பாக, ரெயிலுக்காக நெடுஞ்சட்டத்தின் மேல் 10 அல்லது 12 மி.மீ. தடிமனுள்ள பட்டை இரும்பைப் பொருத்துவோர், அதை முழுநீளத்துக்கும் பற்றவைத்தால் இரு முனைகளும் மேல்நோக்கி எழும்பி, நடு குழிந்துவிடும். இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு தையல், சாண் நீள இடைவெளி, அடுத்த தையல் மறுபக்கம் என்று போவதே சரி.

உங்கள் 2 மி.மீ. மூலைவிட்ட வித்தியாசத்தை அப்படியே மறந்துவிடலாம். இயந்திரத்தின் செங்கோணம் ரெயில்களைப் பூட்டும்போதும், கேன்ட்ரியின் இரு பக்க மோட்டார்களை நிலைப்படுத்தும்போதும் அமைவது; சட்டத்தின் மூலையிலிருந்து வருவதில்லை. தூக்கிக்கொண்ட மூலையை மட்டும் அளந்துவிடுங்கள். மூலைக்கு மூலை இரண்டு மெல்லிய நூல்களை இழுத்துக் கட்டினால், பரப்பு ஒரே தளத்தில் இருக்கும்போது அவை நடுவில் தொட்டும் தொடாமலும் குறுக்கிடும். ஒன்றையொன்று அழுத்தினாலும் இடைவெளி விட்டாலும் முறுக்கல் இருக்கிறது. கீழ் நூலை மேலேயும் மேல் நூலைக் கீழேயும் மாற்றிக் கட்டி ஒரு முறை சரிபாருங்கள். மூலை 2, 3 மி.மீ. வரை தூக்கியிருந்தால் அடுத்த பதிலில் சொல்லும் எபாக்ஸி (ஊற்றி இறுகவிடும் பிசின்) அதை விழுங்கிவிடும். அதற்கு மேல் என்றால் எதிர்ப்பக்கம் ஒரு சூட்டுப் பட்டை ஓட்டி இழுத்துப் பாருங்கள்.

இறுக்கம் நீக்குவது என்பது சட்டத்தை உலையில் 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, சுமார் ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்தி, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுவது. மரம் மட்டும் செதுக்கும் இயந்திரத்துக்கு இது அவசியமில்லை. ரெயில் பரப்பைப் பெரிய மில்லிங் இயந்திரத்தில் கொடுத்துச் சீவப்போகிறவர்கள் செய்துகொள்வது நல்லது; இறுக்கம் உள்ள சட்டத்தில் மேல்தோலைச் சீவினால், பிடிப்பிலிருந்து கழற்றியதும் அது மறுபடி நெளியும். உலைக்கு அனுப்பும் முன் முனை மூடிய ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு துளை இருக்க வேண்டும். அடைபட்ட காற்று சூட்டில் விரிந்தால் குழாய் வெடிக்கும்.

கேள்வி: எச்.ஜி.ஆர். 20 வகை (20 மி.மீ. அகல) ரெயில்கள் வாங்கிவிட்டேன். அவற்றை நேராகக் குழாயின் மேல் பூட்டலாமா? எபாக்ஸி ஊற்றிச் சமன் செய்வது நம்பத்தக்கதா? – பாலிடெக்னிக் மாணவர், திருவொற்றியூர்

பதில்: நேராகப் பூட்டாதீர்கள். ரெயில் பார்ப்பதற்கு விறைப்பாகத் தோன்றினாலும், 60 மி.மீ.க்கு ஒன்றாக வரும் எம்5 போல்ட்டுகளை முறுக்கும்போது அடியில் இருக்கும் பரப்பின் மேடு பள்ளத்துக்கே படிந்துவிடும். குழாயின் முகம் தொழிற்சாலையிலேயே நடுவில் லேசாகக் குழிந்தோ புடைத்தோ இருக்கும்; அதில் பற்றவைத்த நெளிவும் சேர்ந்துகொள்கிறது. சட்டத்தை வெயிலில் வைக்காமல் நிழலில் வைத்து, நம்பகமான ஸ்ட்ரெய்ட் எட்ஜ் ஒன்றை நெடுஞ்சட்டத்தின் மேல் கிடத்தி, பின்பக்கம் ஒரு டார்ச் விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினால், கையால் தடவி வழவழப்பாக உணர்ந்த இடத்தில்கூட 0.3, 0.4 மி.மீ. தகடு தடையின்றி உள்ளே போவதைப் பார்ப்பீர்கள். அத்தகைய பரப்பில் பூட்டிய ரெயிலில், அதன்மேல் நகரும் பிளாக் ஓரிடத்தில் வழுக்கி ஓடும், ஓரிடத்தில் கையால் தள்ள முடியாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் குண்டுகளும் விரைவில் தேயும்.

பரப்பை நேராக்க இரண்டு வழிகள் உண்டு. சட்டம் முழுவதையும் பிளானோ மில்லிங்கில் (நீளமான பரப்பைச் சீவும் பெரிய இயந்திரத்தில்) கொடுத்து இரண்டு ரெயில் பரப்புகளையும் ஒரே பிடிப்பில் சீவிக்கொள்வது முதல் வழி. வியாசர்பாடி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கங்களில் விசாரியுங்கள். கூலி மணிக் கணக்கில் வரும், வண்டி வாடகையும் சேரும், ஆனால் அலுமினியம் வெட்ட நினைப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. இரண்டாவது வழி எபாக்ஸி. திரவம் தானாகச் சமமட்டத்துக்கு வந்து நிற்கும் என்ற ஒரே உண்மையை நம்பி நிற்கும் முறை இது. ஒழுங்காகச் செய்தால் மரவேலைக்குப் போதுமான நேர்மை கிடைக்கும்.

சட்டத்தை அது நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்தில், அதன் சொந்தக் கால்களில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். இரண்டு நெடுஞ்சட்டங்களின் ஓரங்களிலும் தட்டைத் தகடு அல்லது ஃபோம் டேப் ஒட்டி வரம்பு கட்டுங்கள். ஒரு முனையில் இரண்டையும் இணைக்கும் வாய்க்கால் ஒன்றையும் அமைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இடது ரெயில் தனி மட்டத்திலும் வலது ரெயில் தனி மட்டத்திலும் நின்றுவிடும், செய்த வேலையில் பாதி வீண். வரம்பை ஒட்டி எபாக்ஸி மேலேறிப் படியும் என்பதால், ரெயிலின் அகலத்தைவிட இரு பக்கமும் குறைந்தது 15 மி.மீ. கூடுதலாக இடம் விடுங்கள். 20 மி.மீ. அகல ரெயிலுக்கு 60 மி.மீ. அகல வரம்பு வைத்து, 1,300 மி.மீ. நீளத்துக்கு 5 மி.மீ. ஆழம் ஊற்றினால், வாய்க்காலையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லிட்டர் தேவைப்படும்.

வாங்கும்போது தண்ணீர்போல ஓடக்கூடியதாகவும் மெதுவாக இறுகும் ஹார்டனர் உடையதாகவும் கேட்டு வாங்குங்கள். இரும்பு ஒட்ட விற்கும் கெட்டியான எபாக்ஸி இதற்கு உதவாது. கலவை விகிதத்தை மின்தராசில் எடைபோட்டே எடுக்க வேண்டும், கண்ணளவு கூடாது. நம் ஊர் வெப்பத்தில் கலவை எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் கெட்டிப்படும். அதனால் விடியற்காலையில் ஊற்றுவதும், கலந்ததை வாளியில் தேக்கி வைக்காமல் உடனே பரப்புவதும் நல்லது. மழைக்கால ஈரப்பதத்தில் மேல்பரப்பில் எண்ணெய்ப் பசைபோல ஒரு படலம் படியக்கூடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஊற்றிய பின் ஒரு வாரம் தொடாதீர்கள். லாரி போகும் சாலையோரப் பட்டறை என்றால் இரவில் ஊற்றுவது ஆகாது. நம் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஓடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

இறுகிய பிறகு 4.2 மி.மீ. துளையிட்டு எம்5 மரை வெட்டுங்கள். மரை இரும்பில் பிடிக்க வேண்டும். எபாக்ஸி அழுத்தம் தாங்கும் மெத்தை மட்டுமே. 3 மி.மீ. சுவரில் மரை நிற்காது, அதனால்தான் நெடுஞ்சட்டத்தின் மேல் பட்டை இரும்பு பொருத்துவதைப் பற்றி முன்பே சொன்னது. ஒரு ரெயிலை நேர் பார்த்து முழுமையாக முறுக்குங்கள். இன்னொன்றைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை அதன் மேல் ஏற்றி, மெல்லத் தள்ளிக்கொண்டே சென்று, அது நிற்கும் இடத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினால், இரண்டாவது ரெயில் முதல் ரெயிலுக்கு இணையாகத் தானே அமைந்துவிடும்.

கேள்வி: அதிர்வு குறையக் குழாய்க்குள் மணல் நிரப்பலாமா? கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. – வாசகர், காசிமேடு

பதில்: நிரப்பலாம், அதிர்வின் ஒலி நன்றாக அடங்கும், விறைப்பு மட்டும் அதிகரிக்காது. கடல் மணல் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு குழாயை உள்ளிருந்தே அரித்துவிடும். நன்கு வறுத்து ஈரம் போக்கிய ஆற்று மணலை, எல்லாப் பற்றவைப்பும் முடிந்த பிறகு, அடிச்சட்டத்தில் மட்டும் நிரப்புங்கள். ஓடும் கேன்ட்ரியில் நிரப்பினால் மோட்டார் அந்த எடையையும் இழுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டு இரும்புக் கதவே இரண்டு ஆண்டில் துருப்பிடித்துவிட்டது. இந்த இயந்திரம் தாங்குமா? – வாசகர், எண்ணூர்

பதில்: சட்டத்தைக் காப்பது எளிது. கசடும் தெறிப்பும் போகக் கிரைண்டர் பிடித்து, தின்னரால் துடைத்து, அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்து, குழாய்களின் திறந்த முனைகளை மூடி வையுங்கள். வெறும் ரெட் ஆக்சைடை மட்டும் அடித்து நிறுத்திவிட்டால் கடற்காற்றில் அது நீண்ட நாள் நிற்காது.

கவலைப்பட வேண்டியது ரெயிலையும், சுழன்று கேன்ட்ரியை நகர்த்தும் மரைத் தண்டான பால் ஸ்க்ரூவையும் பற்றித்தான். அவை பேரிங் எஃகு, துருப்பிடிக்காத எஃகு அல்ல. பெயின்ட் அடிக்கவும் முடியாது. மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அந்தத் தூள் ரெயில்மேல் ஓரிரவு படிந்து கிடந்தாலே காலையில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். வேலை முடிந்ததும் தூளை உறிஞ்சி எடுத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்பெட்டியைச் சட்டத்தின் அடியில் வைக்காமல் சுவரில் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: பிற்காலத்தில் 8 அடிக்கு 4 அடி பலகை போடும் அளவுக்குப் பெரிதாக்க எண்ணம். 16 மி.மீ. பால் ஸ்க்ரூ நீளமாக வாங்கிவிடலாமா? – வாசகர், மாதவரம்

பதில்: வேண்டாம். நீளமான ஸ்க்ரூ குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் கயிறுபோலச் சுழன்று அடிக்கத் தொடங்கும்; அந்த வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது. ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை தாங்கலாகவும் உள்ள 16 மி.மீ. ஸ்க்ரூவை 1,200 மி.மீ. நீளத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,360 சுற்று வரை பாதுகாப்பாக ஓட்டலாம், 5 மி.மீ. பிட்சில் (சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வில்) நிமிடத்துக்கு 6.8 மீட்டர் கிடைக்கும். 2,500 மி.மீ. நீளத்தில் அதே ஸ்க்ரூ ஏறத்தாழ 310 சுற்றுக்கு மேல் தாங்காது, வேகம் சுமார் 1.55 மீட்டராகச் சுருங்கிவிடும். அந்த நீளத்துக்கு ரேக்கும் பினியனுமே (பல் பட்டையும் அதன்மேல் ஓடும் பல் சக்கரமும்) பொருத்தம்.

கேள்வி: பட்டறை முதல் மாடியில் இருக்கிறது. கீழே சட்டத்தைப் பற்றவைத்து மேலே ஏற்றலாமா? – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் மாடிப்படியையும் கதவையும் அளந்து பாருங்கள். ஒரே துண்டாகப் பற்றவைத்த 5 அடிக்கு 3 அடிச் சட்டம் உங்கள் பகுதி வீட்டுப் படிகளில் திரும்பாது. கால்கள், மேல்சட்டம், கேன்ட்ரி மூன்றையும் தனித்தனியாகச் செய்து, தடித்த தகடுகள் வைத்து போல்ட் போட்டு இணையுங்கள். எபாக்ஸி மட்டும் மேலே, இறுதி இடத்தில்தான். குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்கே கணக்கிடப்படுகின்றன. 350 கிலோ இயந்திரத்தை நான்கு கால்களில் நிறுத்தினால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். சுவர் அல்லது உத்தரத்தின் மேல் கால்கள் வருமாறு அமைத்து, கட்டடத்தின் வயதைச் சொல்லி ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யும் வந்துவிட்டன. இணைத்து ஓட்டிப் பார்க்கலாமா? வீட்டு மின் இணைப்பு தாங்குமா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வி.எஃப்.டி.யின் அமைப்புகளைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும் ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. பல வி.எஃப்.டி.க்கள் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்புடன் வருகின்றன; அப்படியே ஓட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு மின்னழுத்தமும் சுருளில் பாய்ந்து, சில நிமிடங்களில் கருகிவிடும். அடிப்படை அதிர்வெண், உச்ச அதிர்வெண் இரண்டையும் 400 ஆக மாற்றுங்கள். நீரால் குளிரும் வகை என்றால் பம்ப் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

அடுத்தது எர்த். மலிவான ஸ்பிண்டில்கள் பலவற்றில் பிளக்கின் நான்காவது முனை உடலோடு இணைக்கப்படாமலேயே இருக்கும். மல்டிமீட்டரில் அந்த முனைக்கும் ஸ்பிண்டில் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறந்து இணைத்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சட்டத்துக்கும் தனி எர்த் கம்பி தேவை. ஸ்பிண்டில் கேபிள் உறையுள்ளதாக இருக்கட்டும், இயந்திரத்தை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களின் கம்பிகளோடு ஒன்றாகக் கட்ட வேண்டாம். காரணம் தெரியாமல் இயந்திரம் நடுவழியில் நின்றுபோவதற்கு ஸ்பிண்டில் கேபிளிலிருந்து பரவும் மின் இரைச்சலே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

16 ஆம்பியர் பிளக்கில், தனி வயரிங்கில் ஓட்டினால் வீட்டு இணைப்பு தாங்கும். சொந்த உபயோகத்துக்கு அது போதும். கூலிக்கு வேலை எடுக்கத் தொடங்கினால் மின்வாரியத்தில் விண்ணப்பித்துக் கட்டண வகையை மாற்றிக்கொள்ள வேண்டும்.